வைத்தியர் பக்கம்: எந்தப் பகுதி ஆட்கள்?



சென்ற மாதம் ஒரு தகப்பனார் தொலைபேசியில் அழைத்தார். இரத்த அழுத்தம் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "டொக்டர், உங்களுக்குத் தெரிந்த குடும்பம்தானே. அவை எந்தப் பகுதி ஆட்கள்?" என்றார். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறாராம். பிள்ளைகள் இருவரும் டென்மார்க்கிலே பிறந்து வளர்ந்தவர்கள். "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் தெரியும். அந்த வெட்கத்தில்தான் இம்முறை நோய் நொடியை விட்டு ஒரு தம்பதியைப் பற்றி எழுதுகிறேன்.

சங்கரலிங்கம் ஜெகந்நாதன், சாதியில் மேல் என்று சொல்லப்பட்ட வசதியான குடும்பத்துப் பிள்ளை. 1930 இல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியைத் துறந்தார். கிருஷ்ணம்மாள் 1926 இல் நிலமற்ற தலித் குடும்பமொன்றில் பிறந்தவர். நிறைமாதத்திலும் வயலில் இறங்கிக் கூலி வேலை செய்த தாயைக் கண்டு வளர்ந்தவர். கர்ப்பிணிகளுக்கு ஓய்வைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தாயை நினைத்துக் கொள்வேன். சுதந்திர நாட்டில்தான் கலியாணம் என்று உறுதி பூண்டு காத்திருந்து, 1950 இல் இருவரும் மணம் முடித்தார்கள். பிறகு வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் காணி கேட்டு அலைந்தார்கள்.

1968 டிசெம்பர் 25 இல், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட ஏழைகள் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளரை 1973 இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. (அதே 1968 இல்தான் எமது மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் உள்ளே விடும்படி சனம் கேட்டு நின்றது. நான் பிறக்க முந்திய கதை. அதைப் பற்றிக் கேட்டால் ஐயா பேச்சை மாற்றிவிடுவார்.) தம்பதியர் அந்தப் பகுதிக்கே குடிபோனார்கள். கூலிக்காரன் குடியிருக்கும் மண்ணும் முதலாளியுடையதாக இருக்கும்வரை, சட்டம் தரும் உரிமையை அவனால் வாய்விட்டுக் கேட்க முடியாதென்று கண்டார்கள்.

1981 இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலவுடைமையாளரோடு பேசி விலை தீர்ப்பது, வங்கிக் கடனில் வாங்குவது, பயிர் செய்து கடனை அடைப்பது. சுமார் 13,000 குடும்பங்கள் ஆளுக்கு ஓர் ஏக்கர் அளவில் பெற்றன. காணி உறுதி பெண்ணின் பேரில். குடித்தழிக்கவோ அடகு வைக்கவோ புருஷனால் இயலாது. கெட்டிக்காரத்தனம்!

பிறகு கரையோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. உப்புநீர் கசிந்து வயலும் கிணறும் கெட்டன. எண்பதை எட்டிய வயதில் ஜெகந்நாதன் வழக்குப் போட, 1996 டிசெம்பர் 11 இல் இந்திய உச்ச நீதிமன்றம் கரையோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இங்கே கடையில் உறைந்த இறால் பெட்டியைக் கையில் எடுக்கும்போது எனக்கு அந்தக் கிணறுகள் ஞாபகம் வரும். வாங்காமல் விடுகிறேன் என்று சொல்ல மாட்டேன்.

2008 இல் சுவீடனின் 'சரியான வாழ்வாதார' விருது இருவருக்குமாகக் கிடைத்தது. 2013 பெப்ரவரியில் ஜெகந்நாதன் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு 2020 இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

அந்தத் தகப்பனாரை வருகிற வெள்ளிக்கிழமைப் பூசையில் காண்பேன். தெரியாது என்றது பொய், தெரிந்தும் சொல்லப் போவதில்லை என்று நேரே சொல்வதாக இருக்கிறேன். வீட்டில் மனுசியிடம் சொன்னேன். "நில்லுங்கோ, நானும் பக்கத்தில வாறன்" என்றா.