ஆர்எக்ஸ் 100: விலை வண்டிக்கா, ஆர்சிக்கா?

அருப்புக்கோட்டையில சுத்துற நம்மள்ல பாதிப் பேருக்கு ஸ்போர்ட்ஸ் கார் கனவுன்னா அது ஆர்எக்ஸ் 100தான். 1996-லயே உற்பத்தி நின்ன 98 சிசி வண்டி. நல்ல கண்டிஷன்ல இருந்தா இன்னைக்கு லட்சத்தைத் தாண்டிக் கேட்கிறாங்க.

நாம படிச்ச டெப்ரிசியேஷன் கணக்குப்படி அதோட மதிப்பு எப்பவோ பூஜ்யம். இன்சூரன்ஸ் அட்டவணையிலயே 5 வருஷத்துல வண்டி பாதி விலைக்கு வந்துடும். அப்புறம் எப்படி ஏறுது? புதுசா வர வழியில்ல, கேட்கிற ஆளும் குறையல. ராஜ்தூத் 350 கதையும் இதேதான். பெட்ரோல் குடிக்குதுன்னு அன்னைக்கு ஒதுக்கின வண்டிக்கு இன்னைக்கு லட்சக்கணக்குல விலை.

ஆசைப்படுறது தப்பில்ல. ஆனா "இது முதலீடுப்பா"ன்னு வீட்டுல சொல்லிப் பணம் வாங்காதீங்க. அந்த விலையில பாதி ஆர்சி புக்குக்குத்தான். இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் அதுல உள்ளபடி இருக்கணும். 15 வருஷம் முடிஞ்சதும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறையும் புதுப்பிச்சிருக்கணும். இதெல்லாம் இல்லாத வண்டி திருச்சுழி ரோட்டுல எவ்வளவு சத்தமா பறந்தாலும், விக்கப் போனா பழைய இரும்பு விலைதான். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி, சைலன்சர் சத்தத்தைக் கேட்காதீங்க, ஆர்சியைக் கேளுங்க.