கேளாத செவியும் கேட்கும் கடலும்

வகுப்பில் ஒலியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "ஸார், நடுக்கடலில் சம்மட்டி அடித்தால் யாருக்குக் கேட்கும்?" என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். விடை தேடப் புகுந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெர்மனியை அடுத்த வட கடலில், மின்சாரம் எடுப்பதற்காகப் பிரம்மாண்டமான காற்றாடிகளை நிறுத்தி வருகிறார்கள். அவற்றைத் தாங்கும் எஃகுக் குழாய்களைக் கடலடி மண்ணில் இறக்க, யந்திரச் சம்மட்டி ஓயாமல் அடிக்க வேண்டியிருக்கிறது.

தண்டவாளத்தில் காதை வைத்து ரயிலின் வரவை அறிந்த கதை நேயர்கள் அறிந்ததே. எஃகில் ஒலி வினாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடுகிறது. நீரிலோ சுமார் 1,500 மீட்டர்தான். ஆகவே, குழாயின் தலையில் விழுந்த அடி, சூழ்ந்துள்ள நீரை முந்திக்கொண்டு கீழே பாய்கிறது. விரையும் படகின் பின்னே அலை விரிவதுபோல், குழாயைச் சுற்றிக் கூம்பு வடிவில் ஒலியலை கிளம்புகிறது. வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரைன்ஹால், டால் என்னும் இருவர், 2011ஆம் ஆண்டில் இதைக் கணக்காலும் அளவையாலும் விளக்கினார்கள்.

குழாயின் பருமன், சம்மட்டியின் வலு, நீரின் ஆழம், அடிமண்ணின் தன்மை ஆகியவற்றை அறிந்தால், எழப்போகும் ஒலியை முன்கூட்டியே கணிக்கலாம். குழாயருகே பிறக்கும் ஒலி ஒரு கணக்கு. நீர்ப்பரப்பிலும் அடித்தரையிலும் மாறி மாறி மோதி அது செல்லும் தூரம் மற்றொரு கணக்கு.

இவ்வளவு பாடு எதற்கு? அக்கடலில் போர்ப்பாய்ஸ் என்ற பிராணி வாழ்கிறது, ஓங்கிலுக்கு உறவு. தன் குரலின் எதிரொலியைக் கொண்டே அது இரை தேடுகிறது. அதற்குச் செவி போனால் பிழைப்பே போயிற்று. ஆதலால், 750 மீட்டர் தூரத்தில் ஓர் அடியின் ஒலி 160 டெசிபலைத் தாண்டலாகாது என்று ஜெர்மனியில் விதித்திருக்கிறார்கள். (நீரில் கொள்ளும் டெசிபலைக் காற்றின் டெசிபலோடு ஒப்பிடலாகாது.) கணக்கில் அதிகம் வந்தால், துளையிட்ட குழல்களைச் சுற்றிலும் கடலடியில் கிடத்திக் காற்றைச் செலுத்துகிறார்கள். மேலெழும் குமிழிகள் திரையாகி ஒலியைத் தடுக்கின்றன. 10 டெசிபல் குறைந்தால், ஒலிச் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது என்று பொருள். பிறகு நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, கணக்கு மெய்தானா என்று அளந்தும் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட் காற்று மின்சாரத் திட்டத்துக்கு உதவ, 2024ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஒப்புதல் அளித்தது. நல்லதுதான், நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். ஆனால், நம் தென்கடலில் ஓங்கிலும் ஆவுளியாவும் உண்டு. அவை மனுப் போடத் தெரியாத குடிகள். அவற்றுக்காகக் கணக்கை நாம்தான் போட வேண்டும்; அதுவும் முதல் அடி விழுவதற்கு முன்பே போட வேண்டும்.

அந்தப் பையனுக்கு மறுநாள் இதைத்தான் சொன்னேன். இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.