இடுப்புக்குக் கீழே மோட்டார்

ஸ்டியரிங் உண்டு, திரும்பாது. கியர் உண்டு, மாற்ற முடியாது. டிரைவர் உண்டு, ஆனால் இடுப்பு வரைக்கும்தான். பெட்ரோல் கிடையவே கிடையாது. இது என்ன கார்?

'எங்கள் ஆபீஸ் ஜீப்' என்று பதில் எழுதக் கார்டு எடுத்துவிட்ட வாசகர்கள் பேனாவை மூடவும். இதன் பெயர் ஸ்லாட் கார்.

தரையில் பாதை. பாதையில் நீளவாக்கில் ஒரு குறுகலான பள்ளம். அதுதான் ஸ்லாட். பள்ளத்தின் இரண்டு பக்கமும் உலோகப் பட்டை, அதில் 12 வோல்ட் கரண்ட். காரின் மூக்குக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தொங்கி, பள்ளத்துக்குள் இறங்கும். நாக்கின் இரு பக்கமும் தாமிரப் பின்னல்கள் பட்டைகளைத் தடவிக்கொண்டே போய் மோட்டாருக்குக் கரண்ட் வாங்கிக் கொடுக்கும். சென்னையில் 1953 வரை டிராம் ஓடியதே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராம் தலைக்கு மேலே கம்பியிலிருந்து கரண்ட் வாங்கிற்று, இது வயிற்றுக்குக் கீழே வாங்குகிறது.

உங்கள் கையில் ஒரு விசை. அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம். திசையைப் பள்ளம் பார்த்துக்கொள்ளும், வேகத்தை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். (கல்யாணத்துக்கும் இது பொருந்தும் என்று எழுதலாம்தான். ராத்திரி சாப்பாடு முக்கியம் என்பதால் எழுதவில்லை.)

இங்கிலாந்தில் ஃப்ரெட் ஃபிரான்சிஸ் என்று ஒருவர். சுருள்வில் முறுக்கினால் ஓடும் தகரக் கார்களை 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரில் விற்றுக்கொண்டிருந்தார். முறுக்கி ஓடவிட்ட காரை வேடிக்கை பார்க்கலாமே தவிர, கட்டுப்படுத்த முடியாது. குழந்தைகளுக்கு அலுத்துப் போயிற்று. மனுஷர் அதே காருக்குள் மின்சார மோட்டாரை வைத்து, பெயரிலும் எலெக்ட்ரிக்கைச் செருகி, 1957ல் ஹாரகேட் பொம்மைக் கண்காட்சியில் 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்று கொண்டுவந்து வைத்தார். ஆர்டர் கொட்டியது. அடுத்த வருஷமே கம்பெனியைப் பெரிய முதலாளிகளிடம் விற்றுவிட்டார். நான் பி.காம். லாபம் வரும்போதே கையைக் கழுவுகிறவரைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடத் தோன்றும்.

முதலில் வந்த கார்களில் ஒன்று மாஸெராட்டி 250எஃப். இத்தாலியில் மொடேனா ஊரில் பிறந்த சிவப்பு ரேஸ் கார். இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர், வாழைப்பூ மாதிரி நீண்ட மூக்கு. கடையில் ரெடிமேடாக ஸ்லாட் கார் வாங்கி ஓட்டுகிறவர்கள் ஒரு ஜாதி. இந்த மாதிரிப் பழைய காரைத் தானே உட்கார்ந்து கட்டுகிறவர்கள் இன்னொரு ஜாதி. நாம் பார்க்கப்போவது இரண்டாவதை.

கணக்கு 32க்கு 1. நிஜக் காரின் 16 அங்குலச் சக்கரம் இங்கே அரை அங்குலம். அதற்குள் கம்பிக் கம்பியாக ஆரக்கால் தெரிய வேண்டும். மெல்லிய உலோகத் தகட்டில் அரித்தெடுத்த ஆரக்கால் வட்டங்கள் கிடைக்கின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியால் உள்ளே பொருத்த வேண்டும். தும்மல் வந்தால் போச்சு. அப்புறம் வீட்டைப் பெருக்கும்போது கிடைத்தால் உண்டு.

பித்தளைத் தகட்டையும் கம்பியையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சேஸிஸ். அச்சில் வார்த்த ரெசின் உடம்பை வாங்கி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சிவப்பு அடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டும். முன் கண்ணாடிக்கு ஸ்வீட் டப்பாவின் மூடி போதும். டயர்களையும் விடுவதில்லை. சக்கரத்தைச் சுழலவிட்டு, கீழே உப்புத்தாள் பிடித்து, உருண்டை பிசகாமல் சீவுகிறார்கள்.

மோட்டாரை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய தலைவலி. நிஜக் காரில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. மாடலில் பெரும்பாலும் மோட்டாரைப் பின் அச்சுக்கு நெருக்கமாக வைத்துப் பல்சக்கரத்தில் கோத்துவிடுவார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். டிரைவர்! ஒல்லியான கார், தள்ளி உட்காரச் சொல்லவும் இடமில்லை. ஆகவே இடுப்போடு வெட்டி மோட்டார் மேல் ஒட்டிவிடுகிறார்கள். இந்தச் சமாசாரத்தை வீட்டில் விளக்கிச் சொன்னேன்.

"ஏங்க, ஸ்டியரிங்கே திரும்பாத காருக்கு டிரைவர் எதுக்குங்க?"

நல்ல கேள்வி. பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள்.

நிஜ 250எஃப் சுமாராக 650 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் 32ஆல் சுருக்கினால் எடை 32,768 மடங்கு குறைய வேண்டும். அதாவது 20 கிராம். அத்தனை லேசாகக் கட்டினால் கார் பள்ளத்தில் நிற்காது, முதல் வளைவிலேயே துள்ளி வெளியே வந்துவிடும். அதனால் அடியில் ஈயத் துண்டு ஒட்டி கனம் ஏற்றுகிறார்கள். சிலர் காந்தம் வைப்பார்கள். அது கீழே பட்டையைக் கவ்விக்கொள்ளும். பழைய கார் பிரியர்களுக்கு இது ஆகாது. மெல்லிய டயர், பின்பக்கம் ஆடிக்கொண்டே வளைய வேண்டும், அதுதான் அழகு என்பார்கள். காரை உருவத்தில் சுருக்கலாம். பூமியின் ஈர்ப்பைச் சுருக்க முடியாது என்பதுதான் விஷயம்.

அந்த ஆட்டத்தை நிஜத்தில் ஆடிக் காட்டியவர் அர்ஜென்டினாவின் ஃபாங்கியோ. 1957 ஆகஸ்ட் 4, ஜெர்மனியில் நூர்பர்க்ரிங். ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், மொத்தம் 22 சுற்று, காட்டுக்கும் மலைக்கும் நடுவே. அவருக்கு வயது 46. எதிரே ஃபெராரியில் இரண்டு இளம் இங்கிலீஷ்காரர்கள், மைக் ஹாதார்ன், பீட்டர் காலின்ஸ். ஃபாங்கியோ பாதி டாங்க் பெட்ரோலோடு லேசாகக் கிளம்பி, முன்னால் போய், நடுவில் பெட்ரோலுக்கும் டயருக்கும் நின்றார். மெக்கானிக்குகள் சொதப்பினார்கள். திரும்பக் கிளம்பியபோது முக்கால் நிமிஷத்துக்கு மேல் பின்னால். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்கப்புறம் அவர் ஓட்டியதுதான் கதை. சுற்றுக்குச் சுற்று ரிகார்டு. தகுதிச் சுற்றில் அவரே போட்ட நேரம் 9 நிமிஷம் 25.6 விநாடி. ரேஸில் அதை 9 நிமிஷம் 17.4 ஆக்கினார். கடைசிக்கு முந்தைய சுற்றில் இரண்டு பேரையும் தாண்டி ஜெயித்தார். ஐந்தாவது உலக சாம்பியன் பட்டம். கிராண்ட் ப்ரீயில் அதுதான் அவருடைய கடைசி வெற்றி.

இப்போது அந்த அரை டிரைவருக்கு வருவோம். 1957ஆம் வருஷத்துக் காரைக் கட்டுகிறவர் பிரஷ்ஷை எடுத்து அவர் தோளில் சீட் பெல்ட் வரைந்தால், விஷயம் தெரிந்தவர்கள் உடனே, "தப்பு சார், அழியுங்க" என்பார்கள். காரணம், அந்தக் காரில் பெல்ட் கிடையாது. தலைக்கு மேல் காக்கும் வளைவுக் கம்பியும் கிடையாது. தலையில் ஒரு கெட்டித் தொப்பி, கண்ணுக்கு கண்ணாடி, உடம்பில் ஒரு சாதாரணச் சட்டை. அவ்வளவுதான்.

அன்றைக்கு முதல் மூன்று இடத்தில் வந்தவர்கள் ஃபாங்கியோ, ஹாதார்ன், காலின்ஸ். அடுத்த ஆகஸ்டில் அதே நூர்பர்க்ரிங்கில் கார் கவிழ்ந்து காலின்ஸ் போய்விட்டார். வயது 26. ஹாதார்ன் 1958ன் உலக சாம்பியன் ஆகி, ரேஸே வேண்டாம் என்று ஓய்வு பெற்றார். 1959 ஜனவரியில் சாதாரண ரோட்டில் தன் காரை ஓட்டிப் போனபோது விபத்து. வயது 29. ஃபாங்கியோ மட்டும் 1958ல் நிறுத்திக்கொண்டு, 84 வயது வரை இருந்தார்.

வீட்டம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். டிரைவர் பொம்மை ஓட்டுவதற்காக இல்லை. அந்த உயரத்தில், அந்தச் சட்டையோடு, தோளுக்கு மேல் முழுசாக வெளியே தெரிந்துகொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார் என்று காட்டுவதற்காக. அவரை எடுத்துவிட்டால் அது வெறும் சிவப்பு டப்பா.

விளக்கத்தைக் கேட்டுவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஆபீசுக்கு ஸ்கூட்டரைக் கிளப்பும்போது ஹெல்மெட் சீட் மேல் தயாராக இருந்தது. வழக்கமாக அது பரண் மேல் இருக்கும்.