இணைப்பு வந்துவிட்டது, பதில் சொல்வது யார்?

கிராமப்புற ஏழைகளின் வாழ்வை உயர்த்தத் தகவல்தொடர்புத் தொழில்நுட்பம் என்ன செய்திருக்கிறது என்று கேட்டால் நம் அரசுகள் நீட்டுவது ஒரே கணக்கைத்தான்: இத்தனை ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை போயிருக்கிறது, இத்தனை கோபுரங்கள் எழுந்திருக்கின்றன, இத்தனை பேர் கையில் செல்போன் இருக்கிறது. 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தின் இலக்கும் ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளை இழையால் இணைப்பதுதான். தேவையான வேலை, சந்தேகமில்லை. ஆனால், அந்த இழை வழியாக யார் எதைக் கேட்டார், அவருக்கு யார் பதில் சொன்னார், பதில் தெரிந்த பிறகு அவரால் என்ன செய்ய முடிந்தது என்ற மூன்றும் அந்தக் கணக்கில் இல்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தியக் கிராமங்களில் நடந்த முயற்சிகளை எடுத்துப் பார்த்தால், ஏழைகளுக்குப் பயன் கிடைத்ததா இல்லையா என்பதை முடிவு செய்தவை இந்த மூன்றுமே.

உலகம் முழுவதும் அதிகம் மேற்கோள் காட்டப்படும் சான்று வட கேரளக் கடற்கரையிலிருந்து வந்தது. 1997 ஜனவரி 14 அன்று காலை, வடகரையில் கரைசேர்ந்த படகுகளில் 11 படகுகளின் மீனை வாங்க ஆளில்லை; பிடித்த மத்தியை வீணாக எறிந்தார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றக் கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த ஆண்டு முதல் 2001 வரை காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் செல்போன் சேவை பகுதி பகுதியாக வந்தது. கோபுரத்தின் எல்லைக்குள் இருந்த படகுக்காரர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டு அங்கே படகைத் திருப்பினார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மீன் வீணாவது நின்றுபோனது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. மீன் வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. செல்போன் நிறுவனங்கள் முதல் உலக வங்கி வரை இதை எடுத்துக்காட்டாத கூட்டமே இருந்திருக்காது.

ஆனால், அந்த மீனவர்களுக்கு என்னென்ன வசதி ஏற்கெனவே இருந்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. படகு இருந்தது, விரும்பிய கரையில் இறக்கும் சுதந்திரம் இருந்தது, இறங்கிய இடத்தில் காசு கொடுத்து வாங்குபவர் இருந்தார். பின்னர் கேரளக் கடற்கரைக்குச் சென்று இதே கேள்வியை மறுபடி ஆராய்ந்த ஜானகி ஸ்ரீனிவாசனும் ஜென்னா பரெலும், மீன்பிடி முறையும் சந்தை அமைப்பும் கடன் உறவுகளும் வேறாக இருக்கும் கரைகளுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தாது என்று வாதிட்டார்கள். வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அந்த வியாபாரிக்கே மீனைக் கொடுத்தாக வேண்டும். பக்கத்துக் கரையில் இரண்டு மடங்கு விலை போகிறது என்ற செய்தி அவர் செல்போனுக்கு நொடியில் வந்துசேரும். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கமிஷன் கடையில் கடன் வாங்கி விதைத்த விவசாயியின் நிலையும் இதுவே. தகவல் இல்லாமை ஏழைகளின் பல குறைகளில் ஒன்று. மற்றக் குறைகள் அப்படியே இருக்கும்போது அது தீர்ந்தால், அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது மனவருத்தம் மட்டுமே.

இதைச் சோதித்துப் பார்க்க இரண்டு விவசாய ஆய்வுகளை அருகருகே வைக்கலாம். மகாராஷ்டிரத்தின் 100 கிராமங்களில், சந்தை விலையையும் வானிலையையும் குறுஞ்செய்தியாக அனுப்பும் ராய்ட்டர்ஸ் மார்க்கெட் லைட் சேவையை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்து மார்செல் ஃபாஷாம்ப்ஸும் பார்ட் மின்டனும் ஆராய்ந்தார்கள். 2012-ல் வெளியான முடிவு: விவசாயிக்குக் கிடைத்த விலையிலோ, மழையால் ஏற்பட்ட பயிர்ச் சேதத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை. மத்தியப் பிரதேசத்திலோ, ஐடிசி நிறுவனம் 2000-ல் தொடங்கிய இ-சௌபால் கணினி மையங்கள் வந்த மாவட்டங்களில் மண்டிகளின் சோயா விலையே 1 முதல் 3 சதவீதம் வரை உயர்ந்தது என்று அபராஜிதா கோயல் 2010-ல் காட்டினார். இரண்டிடத்திலும் விவசாயிக்குப் போனது விலைச் செய்திதான். ஆனால், மத்தியப் பிரதேசத்தில் அந்த விலையைச் சொன்ன நிறுவனமே தன் கொள்முதல் நிலையத்தில் எடைபோட்டு வாங்கவும் செய்தது. விவசாயிக்கு மண்டியை விட்டால் போக இன்னோர் இடம் இருந்தது. அது தெரிந்ததால் மண்டி வியாபாரியும் விலையைக் கூட்டினார். அந்த நிறுவனம் தன் லாபத்துக்காகத்தான் இதைச் செய்தது என்பது உண்மை. அரசோ கூட்டுறவுச் சங்கமோ செய்தாலும் பாடம் மாறாது: விலை சொல்பவர் வாங்கவும் வேண்டும், அல்லது வாங்குபவரைக் காட்டவாவது வேண்டும்.

கம்பியின் மறுமுனைக்கு வருவோம். 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில், சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஊர்தோறும் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. வருமானச் சான்று, சாதிச் சான்று, பிறப்புச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று மக்கள் அங்கிருந்தே தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார்கள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, ஒருநாள் கூலியை விட்டு, அலுவலக வராந்தாவில் காத்திருக்கும் அலைச்சல் குறைந்தது. பிறகு, திட்டத்தை ஊக்கமாக முன்னெடுத்த அதிகாரிகள் மாறுதலாகிப் போனார்கள். மின்னஞ்சலில் வரும் மனுக்கள் கவனிப்பாரற்றுப் போயின. கேட்டதற்குப் பதில் வராத இடத்துக்கு மக்கள் ஏன் மறுபடி வருவார்கள்? வருமானம் குறைந்து பல மையங்கள் மூடப்பட்டன. ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் எழுதிய ஆய்வுகள் இந்தச் சரிவைப் பதிவு செய்திருக்கின்றன. ஊரில் கணினியும் இணைப்பும் அப்படியே இருந்தன. பதில் சொல்லும் கடமை மட்டும் ஓர் அதிகாரியின் தனிப்பட்ட நல்லெண்ணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதே மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனையின் விஷன் சென்டர்களில் நேர்மாறான அனுபவத்தைப் பார்க்கலாம். சிற்றூர்களில் இருக்கும் அந்த மையங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைப் பரிசோதிக்கிறார்கள்; தலைமை மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொலி வழியாக நோயாளியிடம் பேசுகிறார். தேனிப் பகுதியில் தொடக்கத்தில் பயன்பட்டது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமைத்துத் தந்த, நெடுந்தூரம் எட்டும் வைஃபை. இன்று நூற்றுக்கு மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. தொழில்நுட்பம் காலப்போக்கில் மாறியது. ஆனால், அழைப்பை எடுக்க ஒரு மருத்துவர் வேலைநேரத்தில் அமர்த்தப்பட்டிருப்பதும், கண்ணாடி தேவைப்பட்டால் அங்கேயே கிடைப்பதும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் எங்கே போவது என்பது அப்போதே முடிவாவதும் மாறவில்லை. கேட்பவர், பதில் சொல்பவர், பதிலின்படி நடக்க வழி ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

புதுச்சேரியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தொடங்கிய கிராம அறிவு மையங்களை இங்கே சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். கனடாவின் வளர்ச்சி ஆராய்ச்சி மையம் பணஉதவி செய்தது. வில்லியனூர் மையப்புள்ளி, அங்கிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு வானொலி அலை வழியாகத் தொடர்பு, மின்சாரம் நம்ப முடியாததால் சூரிய ஒளித் தகடு. ஆனால், கணினி இறங்குவதற்கு முன்பே மக்களிடம் எதெல்லாம் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். ஊர் பொதுவாக ஓர் இடம் தர வேண்டும், அங்கே எல்லாச் சாதியினரும் தடையின்றி வந்துபோக வேண்டும், மையத்தை நடத்துவோரில் பெண்கள் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே ஒரு மையம் பெண்களால் நடந்தது. அங்கெல்லாம் சேர்ந்தது பெரும்பாலும் உள்ளூர்த் தகவல்: உரத்தின் விலை, நெல்லின் விலை, தேர்வு முடிவு, மருத்துவர் வரும் நாள், எந்த அரசுத் திட்டத்துக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்ற விவரம். ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஓர் இதழும் வந்தது. வீராம்பட்டினத்தில் நடந்ததுதான் என்னை மிகவும் கவர்கிறது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை மையத்தில் இருப்போர் இறக்கி, தமிழில் ஒலிப்பதிவு செய்து, கடற்கரையில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது மீனவர் அன்றாடம் தாமே எடுக்கும் முடிவு. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதனால் அந்தத் தகவல் வந்த கணமே பயன்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று இத்தகைய ஒலிபெருக்கியின் மதிப்பு வேறு விதத்தில் தெரிந்தது. இதே திட்டத்தில் மையம் அமைந்த இன்னோர் ஊர் நல்லவாடு. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கேட்டுத் தொலைபேசியில் வீட்டுக்கு எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மக்கள் உயிர் தப்பினார்கள். அப்போது இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் இல்லை. ஹைதராபாத்தில் அது அமைந்தது 2007-ல். ஒரு வீட்டுக்கு வந்த செய்தி ஊருக்கான செய்தியாக மாறியதற்குக் காரணம், பொதுவாக அறிவிக்கும் கருவியும், அதை நம்பிக் கேட்கும் பழக்கமும் அங்கே ஏற்கெனவே இருந்ததுதான்.

இப்போதுதான் எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறதே, மையமும் ஒலிபெருக்கியும் எதற்கு என்ற மறுப்பு எழும். முதலில், எல்லோர் கையிலும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான கிராமப்புறப் பெண்களில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் 25 சதவீதத்துக்கும் குறைவு. ஆண்களில் ஏறத்தாழ 49 சதவீதம். இந்த விகிதம் அதன்பின் உயர்ந்திருக்கும், இன்னும் உயரும். ஆனாலும், போனைத் திறந்து படம் பார்ப்பதும், தடைபட்ட விதவை உதவித்தொகைக்காக ஒரு தளத்தில் மனுப் போட்டு அதைப் பின்தொடர்வதும் வேறு வேறு திறன்கள். தமிழில் பேசினால் தமிழில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்பார்கள். குரல் வழிச் சேவையின் வலிமையை நான் மறுக்கவில்லை. குஜராத்தில் பருத்தி விவசாயிகள் போனில் குஜராத்தியில் கேள்வியைப் பதிவு செய்து வேளாண் வல்லுநரிடமிருந்து பதில் பெற்ற ‘அவாஜ் ஓட்டலோ’ சேவை அவர்களின் சாகுபடி முறைகளை மாற்றியது என்று ஷான் கோலும் நிலேஷ் பெர்னாண்டோவும் காட்டியிருக்கிறார்கள். விதி என்ன சொல்கிறது என்பதை எந்திரம் சொல்லிவிடும். விதிப்படி தகுதி இருந்தும் மனு மூன்று மாதமாக ஏன் நகரவில்லை என்பதை மேசைக்குப் பின்னால் இருப்பவர்தான் சொல்ல முடியும். அவரைச் சொல்ல வைப்பதற்கு எந்தச் செயலியும் இல்லை.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. ஆள்போட்டு நடத்தும் மையங்கள் நன்கொடை இருக்கும்வரைதான் ஓடும், நாடு முழுவதும் விரிக்க முடியாது என்பார்கள். மேலூரின் கதை இதற்கு வலுச்சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், அங்கே செய்யப்பட்ட தவறு, ஏழை மக்களிடம் வாங்கும் கட்டணத்திலேயே மையம் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தது. ரேஷன் கடையிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திடமும் அப்படி நாம் எதிர்பார்ப்பதில்லை. பணமும் இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தைக் கிராமப்புறச் சேவைக்கென்று செலுத்துகின்றன. உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி என்று இருந்து, இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று அழைக்கப்படும் அந்தத் தொகை பல ஆண்டுகள் முழுமையாகச் செலவிடப்படாமலே கிடந்தது. செலவானதும் பெரும்பாலும் இழைக்கும் கோபுரத்துக்கும்தான்.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. தொடர்புக் கருவி ஏழைகளின் கேள்வியை மேலே கொண்டுபோவதற்குப் பதில், அவர்களைக் கண்காணிக்கும் கருவியாக மாறிவருகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், தொழிலாளர்களை நாளுக்கு இருமுறை படம்பிடித்துச் செயலியில் ஏற்றும் வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. சிக்னல் இல்லாத இடத்தில், படம் ஏறாத நாளில், வெயிலில் மண் சுமந்தவரின் கூலி கேள்விக்குறியானது. மோசடியைத் தடுக்க வேண்டாமா என்று கேட்பது நியாயம், தடுக்கத்தான் வேண்டும். ஆனால், அந்தச் செயலியில் தொழிலாளி வந்ததைப் பதிவு செய்ய இடம் இருந்தது; கூலி ஏன் வரவில்லை என்று தொழிலாளி கேட்க இடம் இல்லை. தாமதமான கூலிக்குப் பொறுப்பான அலுவலரின் படத்தை யாரும் ஏற்றச் சொல்லவில்லை. ஒருபக்கம் மட்டும் பேசும் கம்பியை வளர்ச்சி என்று அழைப்பதை நான் ஏற்க முடியாது.

ஆகவே, அடுத்த ரூபாயைக் கம்பியின் இரு முனைகளிலும் செலவிட வேண்டும். ஊராட்சிக்கு ஒரு பெண்ணையாவது நிரந்தர மாதச் சம்பளத்தில் அமர்த்தலாம். நம் மகளிர் சுய உதவிக் குழுக்களில் அதற்குத் தகுதியானவர்கள் ஏராளம். மனு எழுதித் தருவதோடு அது முடியும்வரை பின்தொடர்வதும் அவர் வேலையாக இருக்க வேண்டும். மறுமுனையில், குறிப்பிட்ட நாளுக்குள் பதில் தராத அலுவலருக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010-லேயே கொண்டுவந்தது; பல மாநிலங்கள் பின்பற்றின. அந்தக் கெடுவையும் அபராதத்தையும் மின்வழி மனுக்களோடு இறுகப் பிணைக்க வேண்டும். சட்டத்துக்குக் காலம் பிடிக்கலாம். இழை சேர்ந்த ஊராட்சிகளின் எண்ணிக்கையை வெளியிடும் அதே பக்கத்தில், ஒவ்வொரு தாலுகாவிலும் எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை நாளில் எத்தனைக்குப் பதில் போனது, எத்தனை எந்தக் காரணத்தால் தள்ளுபடியாயின என்று மாதந்தோறும் வெளியிடுவதற்குச் சட்டமும் தேவையில்லை, புதுக் கம்பியும் தேவையில்லை. அந்த விவரங்கள் அரசின் கணினிகளில் ஏற்கெனவே பதிவாகிக்கொண்டுதான் இருக்கின்றன.