பழைய கணினிக்குப் புதிய கார்டு



"வீட்டிலுள்ள கணினி பழையது. புதிய விளையாட்டுகள் அதில் தட்டுத் தடுமாறி ஓடுகின்றன. கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மகன் வற்புறுத்துகிறான். வாங்கிக் கொடுக்கலாமா?" இவ்வாறு கேட்கும் பெற்றோர் இன்று பலர். "விளையாட்டுக்கா இவ்வளவு பணம்?" என்று சினந்து, பேச்சை அத்துடன் முடித்துவிடுவோர் சிலர். பிள்ளையின் முகவாட்டம் காணப் பொறாமல் கடைக்கு ஓடி, பல்லாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு வருவோர் வேறு சிலர். முன்னவர் பிள்ளையின் நம்பிக்கையை இழக்கின்றனர். பின்னவர் பல வேளைகளில் பணத்தை இழக்கின்றனர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். இங்கு அளக்க வேண்டியவை யாவை என்று இத்திங்கள் சிந்திப்போம்.

திரையில் நாம் காணும் விளையாட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் படங்களின் வரிசையே. நொடிக்கு 60 படங்கள் வரவேண்டுமாயின், ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 17 மில்லி நொடிக்குள் முடிந்தாக வேண்டும். எவர் எங்கே நிற்கிறார், பந்து எத்திசையில் செல்கிறது என்று கணக்கிடுவது பிராசசர். அதைப் படமாக வரைந்து தருவது கிராபிக்ஸ் கார்டு. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு மெலிந்திருப்பின், அதன் நடைக்கேற்பத்தான் வண்டி நகரும். வலிய மாட்டை விற்று அதனினும் வலியதைப் பூட்டினால் பயன் என்ன?

எந்த மாடு மெலிந்தது என்பதை அறிய ஒரு காசும் செலவில்லை. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸின் 'டாஸ்க் மேனேஜர்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். கார்டின் உழைப்பு நூறு விழுக்காட்டை நெருங்கி, பிராசசர் ஓய்வாக இருப்பின், குறை கார்டில் உள்ளது. பிராசசர் மூச்சுத் திணற, கார்டு பாதி வேலையுடன் காத்திருக்குமாயின், புதிய கார்டும் அவ்வாறே காத்திருக்கும்.

செலவில்லாத வழிகள் இன்னும் உண்டு. முதலாவது, டிரைவர் எனப்படும் இயக்கு மென்பொருள். கார்டுக்கும் விண்டோஸுக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் இதுவே. புதிய விளையாட்டின் பேச்சு பழைய மொழிபெயர்ப்பாளருக்கு விளங்காதபோது காட்சி நடுங்கும். சில வேளை விளையாட்டே நின்றுவிடும். என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய நிறுவனங்கள் தத்தம் கார்டுகளுக்கான டிரைவரைத் தங்கள் தளத்திலேயே இலவசமாக வழங்குகின்றன. "உங்கள் டிரைவர்கள் அனைத்தையும் புதுப்பித்துத் தருகிறோம்" என்று பணம் கேட்கும் பிற மென்பொருள்களை நாட வேண்டா. ஒரு நிறுவனத்தின் கார்டை எடுத்துவிட்டு வேறொரு நிறுவனத்தின் கார்டைப் பொருத்துவோர், பழைய டிரைவரை முழுமையாக அகற்றிய பின்னரே புதியதை நிறுவுதல் நலம்.

இரண்டாவது, காட்சியின் அளவைக் குறைத்தல். 1920க்கு 1080 என்னும் அளவில் ஒரு படத்திற்கு 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் வரையப்பட வேண்டும். 1280க்கு 720 ஆக்கினால் அது ஏறத்தாழ 9 இலட்சமாகிறது; கார்டின் சுமை பாதிக்கும் கீழே இறங்குகிறது. மூன்றாவது, விசிறியில் படிந்த தூசியைத் துடைத்தல். சூடேறிய கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இவையெல்லாம் செய்தும் கார்டே குறை என்று தெளிந்தால், வாங்குவதில் தவறில்லை. ஆயினும் எதை வாங்குவது? அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகள் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. நம் இல்லங்கள் பலவற்றில் இருப்பவை அவையே. எடுத்துக்காட்டாக, 2013ஆம் ஆண்டு வெளிவந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 என்னும் கணினியைக் கொள்வோம். அதன் கோபுர வடிவப் பெட்டியில் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்., 290 வாட் திறன் கொண்டது. மதர்போர்டின் கார்டு செருகும் இடம் தரக்கூடியது அதிக அளவாக 75 வாட். அதற்கு மேல் உண்ணும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி இணைப்பு வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் இக்கணினியின் மதர்போர்டு இணைப்பு வழக்கமான 24 பின் அன்று. டெல் தனக்கென அமைத்த 8 பின். ஆகவே கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ். நேரடியாகப் பொருந்தாது. இத்தகைய பெட்டிக்குத் தனி மின் இணைப்பு வேண்டாத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டே ஏற்றது. அதே கணினியின் சிறிய பெட்டியாயின், உயரம் குறைந்த கார்டுகள் மட்டுமே உள்ளே நுழையும்.

2022இல் வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. போன்ற கார்டுகள் மதர்போர்டுடன் பேச நான்கு பாதைகளையே பயன்படுத்துவன. புதிய மதர்போர்டில் அது பெருங்குறை ஆகாது. பழையதில் வேகம் குறையும். இன்டெல்லின் ஆர்க் கார்டுகளோ, புதிய மதர்போர்டுகளில் உள்ள 'ரீசைசபிள் பார்' என்னும் வசதி இல்லாவிடில் தம் முழுத் திறனைக் காட்டா. பழைய வி.ஜி.ஏ. திரை வைத்திருப்போர் மற்றொன்றையும் நோக்க வேண்டும்: அண்மைக் காலக் கார்டுகளில் அந்த இணைப்பு இல்லை. கார்டு பொருத்திய பின்னர் திரையின் கேபிளைக் கார்டிலேயே செருக வேண்டும். பழைய இடத்திலேயே செருகிவிட்டு, "பணம் வீண்" என்று வருந்துவோரும் உளர்.

பழைய கார்டு வாங்குவோர் அதன் ஆயுளையும் கேட்டறிதல் வேண்டும். 2014இல் வந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ., 2016இல் வந்த 1050 டி.ஐ. ஆகியவை தனி மின் இணைப்பின்றி இயங்குவதால் பெரிதும் விரும்பப்பட்டவை. ஆனால் அத்தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியீடு 2025 அக்டோபருடன் முடியும் என்றும், அதன்பின் 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்றும் என்விடியா அறிவித்தது. 2019இல் வந்த 1650 அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது. அவ்வறிவிப்பில் அது இல்லை. எனினும் 1650 கார்டுகளிலும் சில தனி மின் இணைப்பு கேட்பவை, பார்த்து வாங்குக.

இறுதியாக, பெற்றோர் மறவாது எண்ண வேண்டியது ஒன்று. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 2013ஆம் ஆண்டுக் கணினியின் பிராசசரை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. மகன் விளையாடும் அதே கணினியில்தான் தந்தை வங்கிக் கணக்கையும் பார்க்கிறார் என்றால், இது விளையாட்டுப் பேச்சு அன்று. முழுக் கணினியின் விலையினும் மிகுந்த விலையில் ஒரு கார்டை அதில் செருகுவது விவேகமாகாது. அப்பணத்தைச் சேர்த்து வைத்து, நாளை வேறு கணினி வாங்குவதே நன்று.

ஆகவே, மகனோ மகளோ கார்டு கேட்டால் மறுக்கவும் வேண்டா, உடனே இசையவும் வேண்டா. ஒரு தாளைக் கொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட், பெட்டியில் எவ்வளவு இடம், பிராசசரின் உழைப்பு எவ்வளவு, கேட்கும் கார்டுக்கு இன்னும் எத்தனை ஆண்டு டிரைவர் வரும் என்று அவர்களையே எழுதி வரச் சொல்லுங்கள். வீட்டில் செலவிடக்கூடிய தொகையையும் மறைக்காமல் கூறுங்கள். தானே அளந்து பார்த்த பிள்ளை, "இப்போது வேண்டாம் அப்பா" என்று தானே சொல்லக்கூடும். அல்லது குறைந்த விலையில் பொருத்தமான ஒன்றைக் காட்டக்கூடும். எதுவாயினும், அத்தாளை எழுதப் பழகிய கை நாளை தன் சம்பளத்தையும் அளந்தே செலவிடும்.