கையால் போட்ட எலும்புக்கூடு

ஸ்கைரிம் என்ற கேமுக்கு, அதை மாற்றியமைக்கும் மோட் போடச் சொல்லித்தரும் காணொளி ஒன்று போன வாரம் கண்ணில் பட்டது. பேசியவர் எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: மோட் மேனேஜர் எல்லாம் சோம்பேறிகளுக்கு, கையால் போடுகிறவனுக்குத்தான் கேம் கட்டுப்படும். சொன்ன கையோடு மூன்று ஜிப் கோப்புகளைப் பிரித்தார். உள்ளே இருந்ததை எல்லாம் அள்ளி கேமின் டேட்டா ஃபோல்டரில் போட்டார். இதே பெயரில் ஏற்கெனவே கோப்புகள் இருக்கின்றன, மாற்றிவிடலாமா என்று விண்டோஸ் கேட்டது. எத்தனை கோப்பு, எந்தக் கோப்பு என்று அவர் பார்க்கவே இல்லை; மாற்று என்று அழுத்தினார். அடுத்த ஜிப்புக்கும் அதே கேள்வி, அதே அழுத்தல். இதற்குப் பெயர்தான் கட்டுப்பாடாம்.

அந்த அழுத்தலில் என்ன போயிற்று என்று அறிய ஒரே ஒரு கோப்பைப் பார்த்தால் போதும். ஸ்கெலிட்டன்.நிஃப் என்பது அதன் பெயர். டேட்டாவுக்குள் மெஷஸ், ஆக்டர்ஸ், கேரக்டர், கேரக்டர் அசெட்ஸ் என்று நான்கு ஃபோல்டர் தாண்டி உட்கார்ந்திருக்கும். கேமில் நடமாடும் ஆண் மனித உருவங்களின் எலும்புக்கூடு அதுதான். வாள் இடுப்பில் தொங்குவதும், கேடயம் முதுகில் ஏறுவதும், உடை அசைவதும் அதிலுள்ள எலும்புகளைப் பிடித்துக்கொண்டுதான். எக்ஸ்பி32 மேக்ஸிமம் ஸ்கெலிட்டன் என்ற புகழ்பெற்ற மோட் இதில் கூடுதல் எலும்புகளைச் சேர்த்துத் தருகிறது. பழைய அனிமேஷன் மோடுகளும் உடல் மோடுகளும் பல, தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு எலும்புக்கூட்டைக் கூடவே கட்டி அனுப்பின. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே இடம். கடைசியாக எது வந்து விழுந்ததோ அதுதான் நிற்கும். புதியதன் தலையில் பழையது விழுந்தால், உடல் மோட் தேடுகிற எலும்பு அங்கே இருக்காது. சேவ் கோப்பை லோட் செய்ததும் கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். என்ன பிழை என்று ஒரு வரி கூட வராது.

சரி, போட்டது கைதானே, கையாலேயே எடுத்துவிடலாமே? எங்கே, எடுத்துக் காட்டட்டும். மேலே வந்து விழுந்த கோப்பு அடியில் இருந்ததை அழித்துவிட்டது. அது ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. தேதியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், ஜிப்பைப் பிரிக்கும்போது மோடை எழுதியவர் கோப்பைக் கடைசியாக மாற்றிய தேதிதான் பெரும்பாலும் அப்படியே வருகிறது. நேற்று போட்டது 2013 என்று நிற்கும். மோடின் ஈஎஸ்பி என்ற ப்ளகின் கோப்பை டிக் எடுத்து அணைத்தாலும் எலும்புக்கூடு அசையாது, ஏனென்றால் அதற்கும் ஈஎஸ்பிக்கும் சம்பந்தமே இல்லை. கேமை விற்ற ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னால் அது தான் கொடுத்த கோப்புகளை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாம் நலம் என்று சொல்லும். கேமையே அழித்துவிட்டு மறுபடி இறக்கினாலும், ஸ்டீமுக்குத் தெரியாத அந்தக் கோப்பு ஃபோல்டரில் அப்படியே காத்திருக்கும்.

ஊர் முழுக்கக் கடன் கொடுத்துவிட்டு, நோட்டு வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் மளிகைக் கடைக்காரரை யாராவது கெட்டிக்காரர் என்பார்களா? கையால் மோட் போடுகிறவரை மட்டும் என்கிறார்கள்.

மேனேஜர் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் இவர்கள் இகழ்கிறார்களா என்பதே சந்தேகம். மாட் ஆர்கனைசர் 2 டேட்டா ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு மோடுக்கும் தனி ஃபோல்டர். கேம் ஓடுகிற நேரத்துக்கு மட்டும் எல்லாமே டேட்டாவுக்குள் இருப்பது போலக் கேமை நம்ப வைக்கிறது. மூடியதும் டேட்டா பழையபடி சுத்தம். வோர்டெக்ஸ் வேறு வழியில் போகிறது. மோடுகளைத் தனியிடத்தில் வைத்துக்கொண்டு, ஒரே கோப்பை இரண்டு இடத்தில் காட்டும் ஹார்ட் லிங்க் மூலம் டேட்டாவில் தோன்றச் செய்கிறது. அதனால்தான் கேமும் மோடுகளும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. எந்த வழியானாலும் எல்லா எலும்புக்கூடுகளும் உயிரோடு இருக்கும். மாட் ஆர்கனைசரில் மோடின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன மின்னல் குறி. கூட்டல் இருந்தால் இது இன்னொன்றை மறைக்கிறது, கழித்தல் இருந்தால் இது மறைக்கப்படுகிறது. மோடைப் பட்டியலில் மேலே கீழே இழுத்தால் வேறு எலும்புக்கூடு முன்னுக்கு வரும். பிடிக்கவில்லையா, திரும்ப இழுத்துவிடலாம். கட்டுப்பாடு என்றால் இதுவா, கண்ணை மூடிக்கொண்டு மாற்று அழுத்துவதா?

பழைய ஆட்கள் எல்லாம் கையால்தான் போட்டார்கள் என்பது அடுத்த பல்லவி. போட்டார்கள்தான். அவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஸ்கைரிமுக்கு முந்தைய கேம்களான, 2002இல் வந்த மாரோவிண்டிலும் 2006இல் வந்த ஆப்லிவியனிலும் எந்த மோட் முதலில் ஏறும் என்பதைக் கோப்பின் தேதிதான் முடிவு செய்தது. வரிசையை மாற்ற வேண்டுமானால் கோப்பின் தேதியைத் திருத்த வேண்டும். ஆப்லிவியனில் புதிய டெக்ஸ்சர் கேமின் கண்ணில் படுவதற்கே தனி வித்தை வேண்டியிருந்தது. இந்த வதையைத் தாங்க முடியாமல்தான் டைம்ஸ்லிப் என்ற பெயரில் எழுதியவர் ஆப்லிவியன் மாட் மேனேஜரை உருவாக்கினார். ரை என்பவர் ரை பாஷ் என்ற கருவியை எழுதினார். பின்னால் டானின் என்பவர் முதல் மாட் ஆர்கனைசரைச் செய்தார். மோடுகளைப் பகிரும் நெக்சஸ் மாட்ஸ் தளத்துக்காக வோர்டெக்ஸை உருவாக்கியதும் அவரே. கேமின் குடலை உருவிப் பார்த்தவர்கள் இவர்கள். கையால் போடுவதில் இவர்களை விடத் தேர்ந்தவர் யார்? அவர்களே கையை விட்டுவிட்டுக் கருவி செய்தார்கள். அந்தக் கருவியைத் தொடாமல் இருப்பதைத் திறமை என்று காட்டுகிறார் இன்றைய காணொளிக்காரர்.

கையால் போட்டால் கற்றுக்கொள்ளலாம் என்றும் ஒரு வாதம். எதை? பெரிய மோடுகள் இன்று ஃபோமாட் என்ற நிறுவும் முறையோடு வருகின்றன: எந்த உடல், எந்தத் தரத்தில் டெக்ஸ்சர், எந்த மோடோடு ஒத்துப்போகும் பேட்ச் என்று மேனேஜர் வழியாக வரிசையாகக் கேட்கும். அதே ஜிப்பைக் கையால் பிரித்தால் 00, 01, 02 என்று எண்ணிட்ட ஃபோல்டர்கள் கிடக்கும். அவற்றை அப்படியே டேட்டாவில் கொட்டினால் கேம் சீந்தாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தாலோ, ஒன்றுக்கொன்று எதிரான நாலு தெரிவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். அவற்றில் ஒன்றில் எலும்புக்கூடும் இருந்தால் கேட்கவே வேண்டாம். இப்படிக் கற்றவர் கடைசியில் உதவி கேட்டு வருவார். என்னென்ன மோட் போட்டீர்கள் என்று கேட்டால், நினைவில்லை, கையால் போட்டேன் என்பார். கையால் போட்டவர்களுக்கு உதவி கிடையாது என்று மோட் ஆசிரியர்கள் பலர் முன்கூட்டியே எழுதி வைப்பது திமிர் அல்ல. அதே எலும்புக்கூட்டுக் கேள்விக்கு எத்தனை ஆண்டுகள்தான் பதில் சொல்வார்கள்?

மோடுகளின் ஸ்கிரிப்டுகளுக்குக் கூடுதல் திறன் தரும் எஸ்கேஎஸ்இ என்ற கருவியைக் கையால்தானே போட வேண்டியிருக்கிறது என்பார் ஒருவர். ஆம், அதன் லோடரையும் டிஎல்எல்லையும் கேமின் ஃபோல்டரில் வைக்க வேண்டும். சில கோப்புகள்தான். வைத்துவிட்டு மார்தட்டிக்கொள்ளட்டும்.

எஸ்கேஎஸ்இ என்றதும் ஸ்கைரிமை உருவாக்கிய பெதெஸ்டாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. கேம் வெளிவந்து சரியாகப் பத்து ஆண்டு முடிந்த 2021 நவம்பர் 11 அன்று ஆனிவர்சரி பதிப்பு என்று கொண்டாடினார்கள். அதோடு வந்த 1.6 அப்டேட்டில் எஸ்கேஎஸ்இயும் அதை நம்பியிருந்த டிஎல்எல் மோடுகளும் மொத்தமாக நின்றன. ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் கிரியேஷன்ஸ் என்ற புதிய கடையைக் கேமுக்குள் திறந்தபோது மறுபடி அதே கூத்து. இரவில் ஸ்டீம் தானாக அப்டேட் செய்துவிட, காலையில் கேம் திறக்கவில்லை என்று அலறியவர்களில் பலர் திட்டியது மேனேஜரை! அப்டேட் அனுப்பியவரை விட்டுவிட்டுக் கணக்கு வைத்திருந்தவரை அடிப்பது என்ன நியாயம்?

பெதெஸ்டாவின் கடைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 2015 ஏப்ரல் 23 அன்று ஸ்டீமை நடத்தும் வால்வுடன் சேர்ந்து அங்கே ஸ்கைரிம் மோடுகளை விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். மோடை உருவாக்கியவருக்கு 25 சதவீதம். மீதி 75 சதவீதம் இரண்டு நிறுவனங்களுக்கும். எதிர்ப்பில் திணறி நான்கே நாளில், ஏப்ரல் 27 அன்று, மூட்டை கட்டினார்கள். 2017இல் கிரியேஷன் கிளப் என்று வேறு பலகையோடு வந்தார்கள். நெக்சஸும் சும்மா இருக்கவில்லை. 2021 ஜூலையில், ஆசிரியர்கள் ஏற்றிய கோப்புகளை இனி அவர்களே முழுதாக அழிக்க முடியாது, காப்பகத்தில் வைப்போம் என்று அறிவித்தது. மோடுகளைத் தொகுப்பாகக் கொடுக்கும் கலெக்ஷன்ஸ் திட்டத்துக்கு அது தேவைப்பட்டது. மனம் கசந்து சில ஆசிரியர்கள் தங்கள் மோடுகளையே எடுத்துக்கொண்டு போனார்கள். காசு கட்டாதவருக்கு அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு மோடுக்கும் தனித்தனியாகப் பொத்தான் அழுத்த வேண்டிய தண்டனை வேறு. கோபப்பட இவ்வளவு இருக்கிறது. இவற்றை எல்லாம் விட்டுவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் மாட் ஆர்கனைசர்மேல் பாய்கிறார்கள்.

கையால் போடவே கூடாது என்பதல்ல. ஸ்டார்ட்யூ வேலி கேமில், மோடுகளை ஏற்றும் எஸ்எம்ஏபிஐயை நிறுவிவிட்டால், மோட்ஸ் என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு மோடும் தன் ஃபோல்டருக்குள் அடங்கி இருக்கிறது. வேண்டாமென்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் போயிற்று. எதுவும் எதன்மேலும் விழுவதில்லை. சிம்ஸ் 4இலும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே கையால் போடுகிறவர் யாரும் தன்னை வீரர் என்று சொல்லிக்கொள்வதாகத் தெரியவில்லை.

ஸ்கைரிமில் ஏற்கெனவே கையால் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி ஒன்றுதான். சேவ் கோப்புகள் டாக்குமெண்ட்ஸில் பத்திரமாக இருக்கும். அவற்றை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, கேமின் ஃபோல்டரை மொத்தமாகக் கையாலேயே அழிக்க வேண்டும், ஸ்டீம் வழியாக மட்டும் அழித்தால் போதாது. பிறகு புதிதாக இறக்கி, ஒருமுறை மோட் இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, மேனேஜரை நிறுவலாம். பழைய சேவ் கோப்பில் தொடர்வது சிரமம்தான். எந்தெந்த மோடின் ஸ்கிரிப்ட் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எந்த மேனேஜராலும் இப்போது சொல்ல முடியாது. புது ஆட்டம் தொடங்குவதே நல்லது.