பெனிபிட் இருந்தும் பல் போனது

ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகப் பொதி கட்டும் வேலை செய்கிற அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். 2025 கோடையில் அவருடைய கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. ரூட் கனால் செய்ய 1,300 டொலர் ஆகும் என்றார் பல் வைத்தியர். வேலைத்தலக் காப்புறுதி வருடம் முழுவதற்கும் பல்லுக்குத் தருவது 500 டொலர். அதிலும் ஒரு பகுதி பல் சுத்தம் செய்ததில் ஏற்கெனவே போயிருந்தது. மிச்சத்தைக் கையிலிருந்து கட்ட வழியில்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய கட்டடத்திலேயே இருக்கும் இன்னொரு பெண் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போகிறவர். சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான், பெனிபிட் என்கிற வேலைத்தலக் காப்புறுதி மட்டும் கிடையாது. கிடையாது என்பதாலேயே கனடா மத்திய அரசின் பற்சிகிச்சைத் திட்டத்தில் அவரால் சேர முடிந்தது. அதே சிகிச்சையை அவர் செய்துகொண்டார். பல் தப்பியது.

“பெனிபிட் உள்ள வேலை, இனிப் பயமில்லை.” ரொறொன்ரோவில் எங்கள் சனம் கூடுகிற எந்த வீட்டிலும் இதைக் கேட்கலாம். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் சம்பளத்துக்கு அடுத்த கேள்வி அதுதான். இந்த நம்பிக்கை பிழையானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். தனி மனிதர் ஒருவர் நம்பி ஏமாறுவதோடு இது நிற்பதில்லை. அரசுகளும் இதையே நம்பிச் சட்டம் எழுதுகின்றன, அதனால் ஏமாற்றம் சட்டமாகிவிடுகிறது.

பற்சிகிச்சைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 மே மாதம் முதியவர்களோடு தொடங்கியது, 2025 ஜூனில் 18 முதல் 64 வயது வரையானோருக்கும் வந்தது. குடும்பத்தின் நிகர வருமானம் 70,000 டொலருக்குக் குறைவென்றால் அரசு தான் நிர்ணயித்த கட்டணத்தை முழுதாகக் கொடுக்கும். அதற்கு மேல் போனால் பங்கு குறையும், 90,000 டொலரைத் தொட்டால் ஒன்றும் இல்லை. நல்ல திட்டம், நான் அதை எதிர்க்கவில்லை. என் கோபமெல்லாம் அதிலுள்ள ஒரு நிபந்தனை மேல்தான். உங்கள் வேலைத்தலம் மூலமோ உங்கள் துணையின் வேலைத்தலம் மூலமோ உங்களுக்குப் பல் காப்புறுதி பெற வாய்ப்பு இருந்தாலே போதும், நீங்கள் தகுதியற்றவர். அந்தக் காப்புறுதி வருடத்துக்கு 500 டொலர் தருகிறதா, 2,500 டொலர் தருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. மாதக் கட்டணம் கட்ட முடியாமல் ‘வேண்டாம்’ என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் வாய்ப்பு இருந்ததாகவே கணக்கு. 2023ஆம் வரி ஆண்டிலிருந்து முதலாளி இதை, வருடாந்தச் சம்பள விபரம் தரும் ரி4 படிவத்தின் 45ஆம் பெட்டியில் ஓர் எண்ணாகப் பதிகிறார். 1 என்றால் வாய்ப்பில்லை. 2 முதல் 5 வரை எந்த எண்ணானாலும் கதவு மூடப்பட்டது. அந்த அக்காவின் பல்லை அந்தப் பெட்டிதான் பிடுங்கியது என்பேன்.

காப்புறுதி உள்ளவரை இப்படி வெளியே தள்ளுவது ஒன்ராறியோ மாகாணத்தில் புதிதுமல்ல. 2018 ஜனவரி 1 முதல் 25 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் 4,400க்கும் மேற்பட்ட மருந்துகளை இலவசமாகக் கொடுக்கும் ‘ஓஹிப் பிளஸ்’ திட்டத்தை கத்லீன் வின் அரசு கொண்டுவந்தது. அடுத்து வந்த டக் ஃபோர்ட் அரசு, 2019 ஏப்ரல் 1 முதல் தனியார் காப்புறுதி உள்ள வீட்டுப் பிள்ளைகளை அதிலிருந்து நீக்கியது. குறிப்பிட்ட மருந்தை அந்தக் காப்புறுதி ஏற்காவிட்டாலும், வருட எல்லை முடிந்துவிட்டாலும் பிள்ளை வெளியேதான். ஆஸ்துமா இன்ஹேலருக்கு 2019 மார்ச்சில் ஒன்றும் கட்டாத பெற்றோர், அடுத்த மாதம் மருந்துக் கடையில் பணப்பையைத் திறந்தார்கள். மாகாணத்தின் ட்ரில்லியம் மருந்து உதவித் திட்டம் இருக்கிறதே என்பார்கள். அது உதவிக்கு வருமுன், குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய 4 வீதத்தை நீங்கள் மருந்துக்குச் செலவழித்திருக்க வேண்டும்.

இந்த நாட்டில் பல்லும் மருந்தும் ஏன் முதலாளியின் கையில் இருக்கின்றன? 1964இல் நீதிபதி எமெட் ஹால் தலைமையிலான ஆணைக்குழு, வைத்தியரோடு மருந்துகளையும் பிள்ளைகளின் பற்சிகிச்சையையும் பொதுக் காப்பில் சேர்க்கச் சொன்னது. 1966இல் வந்த சட்டம் வைத்தியரை மட்டும் எடுத்துக்கொண்டது. மிச்சத்தை வேலைத்தலங்கள் நிரப்பின. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் கொப்பியை நீட்டி ஒரு மாதக் குளிசையைக் காசில்லாமல் வாங்கி வந்த அம்மாக்களுக்கு, இங்கே வைத்தியரைப் பார்ப்பது இலவசம், அவர் எழுதும் குளிசைக்குக் காசு என்பது விளங்கவே சில காலம் பிடித்தது. அவர்களுக்கு விளங்காமல் போனதில் குற்றமில்லை. பிழை சட்டத்தில் இருந்தது.

முதலாளி தருகிறார் என்ற சொல்லும் சரியல்ல. பெனிபிட் என்பது உங்கள் ஊதியத்தின் ஒரு பகுதி, வேறு உருவத்தில் வருகிறது, அவ்வளவுதான். அவர் கட்டும் காப்புறுதிக் கட்டணத்துக்கு நீங்கள் மத்திய வருமான வரி கட்டுவதில்லை. ஆகவே அரசு தனியார் காப்புறுதிக்கு ஏற்கெனவே மறைமுகமாக உதவுகிறது, பெரிய சம்பளக்காரருக்குக் கூடுதலாக. ஆட்குறைப்பு வந்தால், மணித்தியாலங்களைக் குறைத்தால் பெனிபிட்டும் கூடவே போய்விடும். வருத்தம் வந்து வேலையை விடும்போது, அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது கைவிடும்.

சொந்தமாக லொறி ஓட்டுகிறவர்கள், வீட்டில் சமைத்து விற்கிறவர்கள் முகவரின் பேச்சைக் கேட்டுத் தனியாகப் பொலிசி எடுக்கிறார்கள். பல்லுக்கு ஒரு சிறு தொகை தரும் பொலிசியை வைத்திருந்தாலும் அரசுத் திட்டத்தின் கதவு மூடிக்கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் இதை முகவரிடம் கேளுங்கள்.

எல்லோருக்கும் அரசு கொடுத்தால் முதலாளிகள் தங்கள் காப்புறுதியை நிறுத்திவிடுவார்கள் என்று ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசு பயப்படுகிறது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் முதலாளியைத் தடுக்க வேண்டிய அரசு தொழிலாளியைத் தண்டிக்கிறது. கியூபெக்கைப் பாருங்கள். அங்கே 1997 முதல் மருந்துக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம். வேலைத்தலத்தில் திட்டம் இருந்தால் அதில் சேர வேண்டும், இல்லாதவரை அரசுத் திட்டம் ஏற்கும். அத்தோடு சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: தனியார் திட்டம் அரசின் பட்டியலில் உள்ள மருந்துகளைக் குறையாமல் கொடுக்க வேண்டும், நோயாளி வருடத்துக்குக் கையிலிருந்து கட்டும் தொகைக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். பெயருக்கு ஒரு பெனிபிட்டைக் கொடுத்துவிட்டுத் தப்ப முடியாது. பிரெஞ்சு பேசும் மாகாணம் இதை எப்போதோ செய்துவிட்டது. பல்லுக்கு ஒட்டாவாவும் மருந்துக்கு ஒன்ராறியோவும் இன்னும் செய்யவில்லை.

ஒன்றில் வேலைத்தலப் பல் காப்புறுதிக்குக் கீழ்வரம்பு வையுங்கள், அல்லது அது கொடுத்து முடித்த பிறகு மிஞ்சும் கட்டணத்தை வருமானத் தகுதி உள்ளவர்களுக்கு அரசுத் திட்டத்திலிருந்து கொடுங்கள். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அந்த அக்கா இன்று இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுவார்.

வரும் பெப்ரவரியில் உங்கள் ரி4 வரும்போது 45ஆம் பெட்டியைப் பாருங்கள். 1 தவிர வேறு எண் இருந்து, உங்கள் காப்புறுதி ஒரு ரூட் கனாலுக்குக்கூடக் காணாது என்றால், அதன் நகலோடு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் வருட எல்லையை உயர்த்தக் கேளுங்கள். பெனிபிட் இருக்கிறதென்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.